வாக்குத்தத்த அட்டையும் எட்டு மாதக் காத்திருப்பும்

அன்புள்ள சகோதரி, புத்தாண்டு ஆராதனையில் உங்களுக்கு அட்டையில் கிடைத்த வாக்குத்தத்தம் (அந்த வருஷத்துக்கான வேத வசனம்) எரேமியா 29:11. தேவன் உங்கள்பேரில் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை என்கிற வசனம். அதற்குப் பிறகுதான் கணவருக்கு வேலை போனது, மூன்றே மாதத்தில் எல்லாம் சரியாகும் என்று ஒருவர் சொன்னதும் நடக்கவில்லை, எட்டு மாதமாக ஜெபிக்கவே வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததும் மனது கனத்துவிட்டது.

அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தையும் ஒருமுறை பாருங்கள். 70 வருஷம் என்று இருக்கும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். எரேமியாவும் அதற்கு ஆமென் சொல்கிறார், அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது! ஆனால் கர்த்தர் அதைச் சொல்லியிருக்கவில்லை. உங்களிடம் "மூன்றே மாதம்" என்று சொன்னவரும் அன்பினால்தான் சொல்லியிருப்பார். அந்தக் கெடு தவறியதற்காகத் தேவன் வாக்கு மாறினார் என்று நினைக்காதீர்கள்.

அந்தக் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது 5ஆம் வசனம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். அந்நிய ஊரில், துக்கத்தின் நடுவில்! தேவனிடம் ஒப்புக்கொடுப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது இல்லை. உங்கள் கணவர் தினமும் வேலை தேடட்டும். சம்பளம் குறைவாக வந்தாலும் தயங்க வேண்டாம். பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேளுங்கள், அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

அப்புறம், ஜெபம். வார்த்தை வரவில்லை என்றால் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறான். இன்று இரவு அதுவே போதும். நானும் உங்கள் வீட்டுக்காக ஜெபிக்கிறேன்.