நேட்டாலுக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் அண்ணனைத் தேடுவது எப்படி?

கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போனவர், பெயர் முனுசாமி, அதற்கு மேல் எதுவும் தெரியாது. அவரையும் அவர் குடும்பத்தையும் ஆவணங்களில் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் அங்கே போனார்கள். அதில் எத்தனை முனுசாமிகள்! போதாக்குறைக்கு, எழுத்தர் காதில் விழுந்தபடி மூன்சாமி, முனிசாமி என்று விதவிதமாக எழுதி வைத்திருப்பார்கள்.

முதலில் அவருடைய தகப்பனார் பெயரையும் ஊரையும் உறுதி செய்யுங்கள். எனக்கு இதில் கைகொடுத்தது வீட்டுப் பரணில் கிடந்த பழைய கிரயப் பத்திரம்தான். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். பெரியவர்களின் ஞாபகத்தைவிட நான் பத்திரத்தைத்தான் நம்புவேன்.

அப்புறம் கப்பல் பட்டியல், அதாவது ஒவ்வொரு கப்பலிலும் போனவர்களின் பதிவு. அதில் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை இருக்கும். ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடினால் குழம்பிவிடும். அன்றைய வட ஆற்காட்டில் இருந்த சில ஊர்கள் 1911-இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போய், இப்போது ஆந்திராவில் இருக்கின்றன.

ஆள் கிடைத்தால் அவருடைய குடியேற்ற எண்ணை (ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண்) குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எப்படித் திரிந்தாலும் எண் மாறாது. அங்கே பிறந்த பிள்ளைகளின் பதிவுகளிலும் பெற்றோரின் எண் வருவதுண்டு.

குடும்பத்தைப் பிடிக்க எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த தாள் இறப்பு அறிவிப்புப் படிவம். சொத்து விவகாரத்துக்காக நிரப்பியது என்பதால் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் இருக்கும். நேட்டாலில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர ஆவணக் காப்பகத்தில் இப்படிப்பட்ட கோப்புகள் உண்டு. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளத்திலும் இலவசமாகத் தேடலாம்.

எதிலுமே அகப்படவில்லையா? ஊர் திரும்பியிருக்கலாம். 1895 சட்டத்துக்குப் பிறகு போனவர்கள், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே சுதந்திரமாக இருக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டியிருந்தது. 1914 வரை இது இருந்தது. கட்ட முடியாமல் மறுபடி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களும் திரும்பியவர்களும் ஏராளம். சில பட்டியல்களில் திரும்பிய கப்பலின் பெயரும் குறித்திருக்கும், ஓரத்தில் எழுதியிருப்பதையும் பாருங்கள்.