ஊடலா, மறுப்பா? காமக்கதை எழுதுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் காமக்கதை எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வன்முறை வரும் கதைகள், எழுதுகிறவருக்குப் பழக்கமில்லாத ஈர்ப்புகள் வரும் கதைகள் பற்றித்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மேலூர் வாசகி: அக்கா, என் கதையில ஒரு வல்லுறவு நடக்குது. அதக் காட்டணுமா, காட்டாம விடணுமா? விட்டா பயந்துட்டேன்னு ஆகாதா?

விட்டால் பயம் என்றும் இல்லை, காட்டினால் துணிச்சல் என்றும் இல்லை. அந்தக் காட்சியின் வாக்கியங்கள் யார் உடம்புக்குள் உட்கார்ந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். காமக்கதை படிக்கிறவர் கிளர்ச்சிக்குத் தயாராகத்தான் வருகிறார். முந்தின பக்கத்தில் கழுத்து, இடுப்பு, வியர்வை என்று எந்தச் சொற்களால் ஆசையைக் கிளப்பினீர்களோ, அதே சொற்கள் வன்முறையிலும் வந்தால் அவருக்கு அது இன்னொரு கூடல் காட்சிதான். "கொடூரன்" என்று நடுவில் ஒரு சொல் போட்டு அதைச் சரிக்கட்ட முடியாது.

சிவப்பு, நீலம் இரண்டு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். அவள் உடம்பு வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்லும் சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு. அவள் கேட்டது, மோந்தது, நினைத்ததற்கு நீலம். சிவப்பு மிகுந்தால் கதையைச் சொல்வது அவன்தான், நீங்கள் "அவள்" என்று எழுதியிருந்தாலும். அந்த நேரத்தில் மனசு சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சின்னப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். எது முதலில், எது பிறகு என்ற வரிசை உடையும். செல்லூரில் தறி வீடு ஒன்றில் நடப்பதாக வைத்துக்கொள்வோம்:

"தறிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. சுவரில் காலண்டர் நேற்றையிலேயே இருந்தது. கிழிக்கணும் என்று நினைத்தாள். அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள்."

இதில் அவனுடைய கை ஒரு வரியிலும் இல்லை. நடந்தது புரிகிறது, ரசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படி நாலைந்து வரி போதும். மிச்சப் பக்கங்களை மறுநாளுக்கும் மறுமாதத்துக்கும் கொடுங்கள். அந்தக் காலண்டரை யாராவது கிழிக்கும்போது அவளுக்கு என்ன ஆகிறது என்பது கதையில் இருக்கட்டும். நான் பார்க்கும் கையெழுத்துப் பிரதிகளில் சம்பவம் மூன்று பக்கம், பிறகான வாழ்க்கை மூன்று வரி. இந்த அளவுதான் பெரும்பாலும் கதையைக் கெடுக்கிறது.

அனுப்பானடி வாசகர்: முதல்ல மறுக்கிறா, அப்புறம் உடம்பு தானா இசைஞ்சிருதுன்னு எழுதுறது தப்பா? நிறையக் கதை அப்படித்தான இருக்கு?

நிறைய இருக்கிறது. அதில் இரண்டு உண்மைகள் குழம்பிக் கிடக்கின்றன. ஆபத்தில் உடம்பு போராடும், ஓடும், அல்லது உறைந்துபோகும். உறைந்தால் கை கால் அசையாது, குரல் வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "சும்மா கிடந்தாள்" என்று தெரியும். இன்னொன்று, தொடுதலுக்கு உடம்பு தானாகக் காட்டும் எதிர்வினை. விருப்பமே இல்லாதபோதும் ஈரம் வரலாம், ஆணுக்கு விறைக்கலாம். வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வருவது போலத்தான் அது. இந்த இரண்டையும் "இசைவு" என்று எழுதினால், தனக்கு நேர்ந்ததை நினைத்து "என் உடம்பே என்னக் காட்டிக்கொடுத்துருச்சே" என்று புழுங்கும் ஒருவருக்கு, ஆமாம் நீயும் உடந்தைதான் என்று உங்கள் கதை சொல்லிவிடும். அந்தப் புழுக்கத்தையே கதையாக்குங்கள், அது எழுதவேண்டிய விஷயம்.

சட்டமும் இங்கே தெளிவு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 2013 திருத்தத்தில் வந்து, இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் இருக்கும் விளக்கம் இது: எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒன்றாலேயே சம்மதம் ஆகிவிடாது.

கட்டிப்போடுவது, மிரட்டுவதுபோல் நடிப்பது என்று இரண்டு பேரும் விரும்பி விளையாடும் விளையாட்டு வேறு. அதை எழுதினால் முன்பேச்சையும் எழுதுங்கள். எது வரைக்கும், எது கூடாது, எந்தச் சொல்லைச் சொன்னால் உடனே நிற்கவேண்டும். "வேண்டாம்" என்பது விளையாட்டிலேயே வரும் என்பதால் நிறுத்தும் சொல் "மல்லி", "மாட்டுத்தாவணி" என்று சம்பந்தமில்லாததாக இருக்கவேண்டும். வாய் கட்டியிருந்தால் கையில் ஒரு சாவிக்கொத்து, கீழே போட்டால் நிறுத்தம். இந்தப் பேச்சு கதையின் வேகத்தைக் குறைக்கும் என்று பயப்படுகிறார்கள். குறைக்காது. நடக்கப்போவதை இருவரும் வாயால் சொல்லிப் பார்க்கும் அந்த அரைப் பக்கத்தில்தான் சூடு ஏறுகிறது.

திருமங்கலம் வாசகர்: அப்ப ஊடல்? பொண்ணு பிகு பண்றதும் ஆம்பள கெஞ்சுறதும் நம்ம மரபுதானக்கா?

மரபுதான். அதே மரபு இரண்டையும் பிரித்தும் வைத்திருக்கிறது. ஊடல் மருதத்தின் உரிப்பொருள், அன்பின் ஐந்திணைக்குள் நிற்பது. "மிக்க காமத்து மிடல்", அதாவது காமம் மிஞ்சிப் பலவந்தமாவதை, தொல்காப்பியம் பொருந்தாக் காமமான பெருந்திணையில் தள்ளி வைக்கிறது.

எழுதும்போது பிரித்தறிய எளிய வழி உண்டு. ஊடலில் கதவின் தாழ்ப்பாள் அவள் கையில். எப்போது தீரும் என்று அவள் முடிவு செய்கிறாள், அவன் காத்திருக்கிறான், தூது விடுகிறான், தோற்கிறான். மறுப்பில் அவள் சொன்ன பிறகும் அவன் கை நகர்கிறது. உங்கள் காட்சியில் அவள் "வேணாம்" என்ற அடுத்த வரிக்குப் போங்கள். அங்கே அவன் என்ன செய்கிறான்? நின்றால் ஊடல். நிற்காவிட்டால் மறுப்பை மீறியாயிற்று, அதற்கு மேல் எவ்வளவு இனிப்பாக எழுதினாலும் மாறாது.

உசிலம்பட்டி வாசகி: கல்யாணம் ஆனவங்களுக்குள்ள நடக்குற கதையில இந்தப் பிரச்சனை வராதில்ல?

அங்கேதான் அதிகம் வருகிறது, எழுதுகிறவருக்கே தெரியாமல். முதலிரவுக் காட்சியை எடுங்கள். பால் டம்ளர், மல்லிகை, குனிந்த தலை, "அவள் பயந்து நடுங்கினாள், அவன் சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தான்." அதற்கு முன் இரண்டு பேரும் தனியாகப் பத்து நிமிஷம் பேசியதில்லை. அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. நடுக்கத்தை வெட்கம் என்று எழுதிவிட்டோம். இதையே இப்படி மாற்றலாம்:

"வெளக்க அணைக்கவா?"
"வேணாம்."
அவன் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தான். "தூங்குவமா?"
"தூங்க வேணாம். வெளிச்சம் இருக்கட்டும். யாருன்னு தெரியணும்ல."
அவள் தலையிலிருந்து பூவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"வேணாம்" என்றதும் அவன் கை விலகியது. பிறகு நகர்ந்தது அவள். பூவை உதிர்ப்பது ஆண் கை வேலை என்றே எழுதிப் பழகியிருக்கிறோம், இங்கே அவளே எடுத்துக் கொடுக்கிறாள். ஆசை அவளுடையதும் என்று தனியாக ஒரு வரி எழுதவேண்டியதில்லை.

கதை வழக்கு வரைக்கும் போனால் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறையாத மனைவி மீது கணவன் செய்வதை 63ஆம் பிரிவின் விதிவிலக்கு வல்லுறவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமை உண்டு, அந்த வழியில் அவள் நீதிமன்றம் போகலாம். "கணவன் மீது வல்லுறவு வழக்கு, பத்து வருஷம் தண்டனை" என்று முடித்தால் அந்த முடிவு நிற்காது.

பெயர் வேண்டாம் என்றவர்: "கற்பழிப்பு"ன்னு எழுதலாமா?

கதை சொல்லும் குரலில் வேண்டாம். அழிந்தது அவள் கற்பு என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. வல்லுறவு, வன்புணர்வு என்று எழுதுங்கள். பாத்திரங்கள் பேசும்போது அவர்கள் வாயில் வருவதே வரட்டும். உசிலம்பட்டிக் கிழவி "எம்புள்ளயக் கெடுத்துப்புட்டாய்ங்க" என்றுதான் சொல்வாள், அதைத் திருத்தினால் கிழவி செத்துப்போவாள்.

தல்லாகுளம் வாசகர்: ஆஸ்பத்திரி, போலீஸ் காட்சி எழுதும்போது என்ன தப்பு அதிகம் வருது?

டாக்டர் வெளியே வந்து "கன்னித்திரை கிழிந்திருக்கிறது" என்று சொல்லும் காட்சி. கன்னித்திரையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பெண் பாலுறவுக்குப் பழகியவளா என்று விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்தது, 2022 அக்டோபரில் அதைச் செய்பவர் ஒழுங்கீனம் செய்தவர் ஆவார் என்றது. அதற்குப் பிந்தைய காலத்தில் கதை நடந்தால், அந்தச் சோதனையைச் செய்யும் மருத்துவர் தவறு செய்கிறார் என்பது கதைக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நடப்பு இது. அவள் நேரே இராசாசி ஆஸ்பத்திரிக்குப் போகலாம், போலீஸ் கடிதம் கையில் இருக்கவேண்டியதில்லை. தனியார் ஆஸ்பத்திரியானாலும் முதல் சிகிச்சை இலவசம், மறுத்தால் குற்றம். பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும், ஒரு பகுதியை மட்டும் வேண்டாம் என்றும் சொல்லலாம். கர்ப்பத் தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். அந்த 28 நாள் குமட்டலை எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை, அதிலேயே ஒரு கதை இருக்கிறது. உடைகளைக் காகிதப் பையில் போடுவார்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும்.

புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், பெண் அதிகாரி பதிவு செய்யவேண்டும். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். ஊர்ப் பஞ்சாயத்து "அவனையே கட்டி வைப்போம்" என்று முடிப்பதை எழுதலாம், நடக்கிற கொடுமைதான். ஆனால் அதைச் சுபமுடிவாக்காதீர்கள். வல்லுறவு வழக்கில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அரசரடி வாசகர்: பாதிக்கப்பட்டவன் ஆம்பளயா இருந்தா?

கதை எந்தத் தேதியில் நடக்கிறது என்று பாருங்கள். 63ஆம் பிரிவில் குற்றவாளி ஆண், பாதிக்கப்பட்டவர் பெண். முன்பு ஆணுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இருந்தது. 2018 செப்டம்பர் 6 தீர்ப்பில் விரும்பிச் சேரும் வயதுவந்தோர் அதிலிருந்து விடுபட்டார்கள், பலவந்தத்துக்கு அந்தப் பிரிவு தொடர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அதற்கு ஈடான பிரிவே இல்லை. இன்று அவன் ஸ்டேஷனுக்குப் போனால் தாக்குதல், காயம் என்றுதான் எழுதுவார்கள். நடந்ததற்குப் பெயரே இல்லாத அந்தக் காகிதத்தை அவன் வாசித்துப் பார்க்கும் இடம் உங்கள் கதையின் நடுவாக இருக்கலாம்.

கே.கே.நகர் வாசகர்: ரெண்டு பொண்ணுங்க காதலிக்கிற கதை எழுதுறேன். நான் ஆண். என்ன கவனிக்கணும்?

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் மூன்றாவது கண் ஒன்று பெரும்பாலான பிரதிகளில் இருக்கிறது. இரண்டு பெண்களும் அந்தக் கண்ணுக்காக நடிப்பார்கள். இரண்டு பேரின் உடம்பையும் ஒரே மாதிரி வருணித்திருந்தால் அந்தக் கண் இருக்கிறது என்று அர்த்தம். ஒருத்திக்கு மற்றவளிடம் எது பிடித்தது? சைக்கிள் செயின் மாட்டிய கைக் கிரீஸா, தூக்கத்தில் பல் கடிப்பதா? அதை எழுதுங்கள். இன்னொரு தவறு, ஒருத்தியை "ஆண் மாதிரி" ஆக்கி வேலையைச் சுலபமாக்கிக்கொள்வது.

வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்கள் ஒரு அறையில் தங்குவதில் சந்தேகமே வராது. அந்த வசதியே அவர்கள் உறவை யார் கண்ணிலும் படாததாகவும் ஆக்குகிறது. பயம் வருவது ஜாதகத்தோடு. 2021 ஜூன் 7இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முக்கியமான உத்தரவு பெற்ற இரண்டு பெண்களும் மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னை போனவர்கள்தான். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022இல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்று கதை சொல்லும் குரல் எழுதலாம். காதலிகளுக்குள்ளே பேசும்போது அந்தச் சொற்கள் வராது, "அவ", "எம்புள்ள" என்பதுதான் வரும்.

சிலைமான் வாசகி: திருநங்கை பாத்திரம்?

உடம்பை விளக்கப்படம் ஆக்காதீர்கள். அவள் காதலன் தொடும் இடம்தான் காட்சியில் வரவேண்டும், வாசகரின் சந்தேகத்தைத் தீர்க்கும் இடம் அல்ல. நிர்வாணம், அதாவது அறுவை, எல்லோரும் செய்துகொள்வதில்லை. செய்தவர்களுக்கும் அனுபவம் ஒன்றில்லை. திருநங்கைகள் சேர்ந்து வாழும் ஜமாத்தில் குரு, சேலா (சீடர்) உறவு இருக்கும், அந்த முறையில்தான் கூப்பிடுவார்கள். தங்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொள்ளும் சொல்லை வெளியாள் வாயில் வைத்தால் வசையாகும், கதை சொல்லும் குரலில் வைத்தாலும் அப்படியே. பாலியல் தொழில், பிச்சை இரண்டைத் தவிர வேறு வாழ்க்கையும் இருக்கிறது. கல்யாணக் கதை எழுதலாமே. இந்து திருமணச் சட்டத்தின் "மணமகள்" என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரல் 22இல் தீர்ப்பு வந்தது உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையிலிருந்துதான்.

பாலீர்ப்பே இல்லாதவரைக் காமக்கதையில் வைக்கலாமா? (கூடல்நகர்)

வைக்கலாம். கடைசியில் "சரியான ஆள் வந்ததும் மாறிவிட்டாள்" என்று மட்டும் முடிக்காதீர்கள்.

பதினேழு வயசுக் காதல்? (வாடிப்பட்டி)

காதல் எழுதலாம். பாலியல் காட்சி எழுதாதீர்கள், மறைமுகமாகக்கூட. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவு படத்தை மட்டும் சொல்லவில்லை, எழுத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான்.

ஊரில் உண்மையாக நடந்ததை எழுதுகிறேன், பெயரை மாற்றினால் போதுமா? (சோழவந்தான்)

போதாது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை தண்டனைக்குரியது. ஊர், தெரு, தொழில், படித்த பள்ளி, உடன்பிறந்தவர் எண்ணிக்கை, நடந்த திருவிழா எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்றி முடித்த பிரதியைச் சோழவந்தான்காரர் ஒருவரிடம் கொடுத்து "இது யாருன்னு தெரியுதா?" என்று கேட்காதீர்கள், அதுவே காட்டிக்கொடுப்பது ஆகிவிடும். நீங்களே ஒரு வாரம் கழித்து, அந்த வீட்டுக்காரராக உட்கார்ந்து வாசியுங்கள். ஓரிடத்தில் கண் நின்றால் அந்த விவரத்தையும் எடுத்துவிடுங்கள்.