மலைப் பாட்டும் மலை மக்களும்

கேள்வி: படம் பார்க்கப் போனோமா, ரசித்தோமா, வந்தோமா என்றில்லாமல் எதற்கெடுத்தாலும் அடையாளம், பண்பாடு, சாதி என்று பிரித்து மேய்கிறீர்களே? போன இதழில் ஒரு மலைவாசிப் பாட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியது ரொம்ப ஓவர். சினிமாவைச் சினிமாவாகப் பார்க்கக் கூடாதா?
(வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: பார்க்கலாம். நானும் அப்படித்தான் பார்க்கிறேன், கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டுகிறேன், பாட்டு பிடித்தால் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறேன். ஆனால் இந்தக் கேள்வி சேலத்திலிருந்து, அதுவும் அஸ்தம்பட்டியிலிருந்து வந்திருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் ஊரிலிருந்து ஏற்காடு சாலையில் கொஞ்ச தூரம் போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம் அது. 1950இல் அங்கிருந்து வெளிவந்த ‘மந்திரிகுமாரி’க்குக் கருணாநிதி வசனம் எழுதினார், கதை குண்டலகேசியிலிருந்து எடுத்தது. அதில் ஊரைக் கொள்ளையடிக்கிறவன் யார்? ராஜகுருவின் மகன். அப்பன் அரண்மனையில் அரசனுக்குப் புத்தி சொல்கிறான், மகன் ராத்திரியில் வழிப்பறி செய்கிறான். இது யாரைப் பற்றிய பேச்சு என்று அன்றைக்குப் பெஞ்ச் டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படத்தையும் ரசித்தார், அதன் அரசியலையும் புரிந்துகொண்டார். ஒன்று இன்னொன்றைக் கெடுக்கவில்லை.

சரி, அந்தப் பாட்டுக்கு வருவோம். நாயகனும் நாயகியும் மலைக்குப் போகிறார்கள், அங்கே இலையும் தழையும் கட்டி, முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, கழுத்தில் எலும்பு மாட்டிய ஐம்பது பேர் ஈட்டியோடு குதிக்கிறார்கள், மண்டையோட்டை வைத்துக்கொண்டு ஒரு தலைவன், அவனுக்குப் பேச்சே வராது, ‘சாமியோவ்’ என்று மட்டும் கத்துவான். தமிழ்ப் படத்தில் இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது, உடை மாறவில்லை, ஈட்டி மாறவில்லை. இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், கோரிமேடு தாண்டி பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் நிஜமான மலை மக்களைப் பார்த்துவிடலாம் என்பதுதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல) பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் கதை அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அவர்களுடைய சேர்வராயன் கோயில் ஒரு குகை, குனிந்து உள்ளே போக வேண்டும், சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே இருக்கிறார்கள், மே மாதத் திருவிழாவுக்கு மலையே திரண்டு வரும். மண்டையோடும் இல்லை, நரபலியும் இல்லை. காபித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்கும் பெண் உங்களையும் என்னையும் போலப் பேருந்துக்குக் காத்திருக்கிறாள், பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைகிறாள்.

அந்தச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அடையாளம் என்ற சொல்லைக் கேட்டாலே இது படித்தவர்கள் பொழுதுபோக்குக்குப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன. சேலம் இருக்கிறது, தருமபுரி இருக்கிறது, ஈரோடு இல்லை. அதனால் அதே மக்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பிறந்தால் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காமல் எத்தனையோ வருடம் மனு கொடுத்துக்கொண்டு நின்றார்கள். கல்லூரி இடமும் அரசு வேலையும் அந்த ஒரு காகிதத்தில் தொங்குகின்றன. இன்னொன்று: தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு, அதில் ஒன்று ஏற்காடு, மற்றது சேந்தமங்கலம். சட்டமன்றத்துக்குத் தங்கள் ஆளை அனுப்பும் மக்களைத்தான் திரையில் தீப்பெட்டியைப் பார்த்து மிரளுகிறவர்களாகக் காட்டுகிறார்கள்.

‘அது வெறும் பாட்டு, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்’ என்று நீங்கள் கேட்கலாம். வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம், அங்கே இருப்பவர்களும் இதே மலையாளி மக்கள்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கினார்கள், ஆண்களையும் பெண்களையும் அடித்து இழுத்துப் போனார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதை ஒரு சினிமாப் பாட்டுதான் செய்யவைத்தது என்று நான் சொல்லவில்லை. மலைக்காரன் என்றால் காட்டுமிராண்டி, அவனிடம் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளலாம், கேட்க ஆள் வராது என்ற எண்ணம் சீருடை போட்டவர்கள் தலையில் இருந்தது என்கிறேன், அந்த எண்ணத்துக்குத் தீனி போட்டதில் நம் திரைக்கும் பங்கு இருக்கிறது என்கிறேன்.

அந்த வழக்கில் என்னை அசைய விடாமல் நிறுத்துவது அந்தப் பெண்கள்தான். மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது, வழக்கறிஞர்கள் நின்றார்கள், எல்லாம் உண்மை. ஆனால் அதிகாரிகளுக்கு எதிரில் நின்று சாட்சி சொன்னது அவர்கள், 19 வருடம் பின்வாங்காமல் இருந்தது அவர்கள். இதே கதை நம் ஆட்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? வெளியூரிலிருந்து ஒரு நாயகன் வருவான், மலை மக்கள் கைகூப்பி வரிசையில் நிற்பார்கள், அந்தப் பெண்கள் முதல் பாதியில் அழுது முடித்துக் காணாமல் போவார்கள்.

நல்ல படங்களையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ‘ஜெய் பீம்’ (2021) எனக்குப் பிடித்த படம், காவல் நிலையத்தில் நடப்பதை இவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்ததே பெரிய விஷயம். ஆனால் அது எடுத்துக்கொண்ட 1993ஆம் வருடத்து நிஜ வழக்கில் அடித்துக் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளராக மாறிவிட்டார். இருளர் படும் பாடும் உண்மைதான், இயக்குநருக்கு அதற்கான காரணமும் இருக்கலாம். இருந்தாலும் ‘எங்கள் வீட்டுச் சாவில் எங்கள் பெயர் எங்கே’ என்று ஒரு குறவர் கேட்டால், படம் நன்றாக இருக்கிறதே என்று பதில் சொல்ல முடியுமா? அப்புறம், இருளராக நடிக்க வருகிற நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசுவது. அந்த நிறத்திலேயே பிறந்து நடிப்பு கற்ற ஒரு பெண்ணுக்கு அந்த வேடம் ஏன் போகவில்லை என்பதும் படத்தைப் பற்றிய கேள்விதான்.

உங்களுக்கே இது வேறு விதத்தில் தெரிந்திருக்கும். ‘ஏனுங்க, வாங்கண்ணா’ என்று நம் மேற்குப் பக்கத்துப் பேச்சைத் திரையில் பெரும்பாலும் யார் வாயில் வைக்கிறார்கள்? சிரிப்புக்கு வருகிறவர் வாயில், இல்லாவிட்டால் மரத்தடியில் தீர்ப்புச் சொல்லும் வெள்ளை வேட்டிப் பெரியவர் வாயில். காதலிக்கிறவன், கணினி படித்தவன், கோர்ட்டில் வாதாடுகிறவள் எல்லாரும் பொதுத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். சென்னைக்குப் போய் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்த நம் ஊர்ப் பையன்கள் பல பேர் இதன் பலனை அனுபவித்திருக்கிறார்கள். அந்த உறுத்தல் உங்களுக்கு நியாயமாகப் படும் என்றால், மலை மேல் இருக்கிறவருக்கு அதைவிடப் பத்து மடங்கு உறுத்தும்.

இரண்டு பக்கம் ஓவர் என்கிறீர்கள், எனக்கு அது போதவில்லை. ஏற்காட்டுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் பனியை எடுக்கட்டும், ஏரியை எடுக்கட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. மலை மக்களை எடுப்பதாக இருந்தால் கதை எழுதும்போதே அந்த ஊர்களில் படித்துவிட்டு இருக்கும் பிள்ளைகளில் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட உட்கார வையுங்கள், வசனத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்கிற வரியை அடித்துவிடுங்கள்.