பீத்தோவன் மலிவு, கோப்லண்ட் செலவு

அன்புள்ள ஐயா,

நான் வசிக்கும் அமெரிக்கச் சிறுநகரத்தில் எழுபது பேர் வாசிக்கும் சிம்ஃபொனி இசைக்குழு ஒன்று உண்டு. இந்தப் பருவம் முழுக்க அமெரிக்க இசை என்று அறிவித்திருக்கிறார்கள்: கோப்லண்ட், கெர்ஷ்வின், பார்பர். கூடவே நன்கொடை கேட்டு ஒரு கடிதம். டிக்கெட்தான் வாங்கிவிட்டேனே, பிறகெதற்கு நன்கொடை? உள்ளூர்ச் சரக்கு என்றால் செலவு குறையத்தானே வேண்டும்? மகளை எதற்கு அழைத்துப் போகலாம் என்றும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

குறையாது, கூடும். பீத்தோவனுக்கு உரிமைத்தொகை கிடையாது. வாத்தியவாரியான இசைத் தாள்களை ஒருமுறை வாங்கினால் முப்பது வருடம் ஓட்டலாம். எந்த இடத்தில் வயலின் வில்லை மேலே தள்ளுவது, எங்கே கீழே இழுப்பது என்று பென்சிலில் குறித்தவை அப்படியே இருக்கும். கோப்லண்டின் ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’ தாள்கள் பதிப்பகத்தின் சொத்து. வாடகைக்கு எடுத்து, வாசித்து, திருப்பி அனுப்ப வேண்டும். வரும் தாளில் முன்பு வாசித்த குழுவின் வில் குறிகள் அரைகுறையாக அழிபட்டுக் கிடக்கும். குழுவின் தாள்களைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் அவற்றைச் சுத்தமாக அழித்து, நம் முதல் வயலின்காரரின் குறிகளை ஒவ்வொரு தாளிலும் ஏற்ற வேண்டும். பிந்தினால் ஒத்திகையில் பாதி வில் மேலே, பாதி கீழே.

இதில் என்ன செலவு என்பீர்கள். இத்தகைய குழுக்கள் பலவற்றில் மாதச் சம்பளம் இல்லை, ‘சர்வீஸ்’ கணக்குதான். ஒத்திகை ஒன்று ஒரு சர்வீஸ், பெரும்பாலும் இரண்டரை மணி நேரம். இருபது நிமிடம் வில் தகராறில் போனால், எழுபது பேருக்குக் கொடுத்த கூலியில் இருபது நிமிடம் போச்சு.

கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ 1924இல் வந்தது. அதன் காப்புரிமை அமெரிக்காவில் 2020இல் தீர்ந்துவிட்டது. ஆனால் சிம்ஃபொனி குழுக்கள் வழக்கமாக வாசிப்பது 1942இல் அச்சான வடிவத்தை. அதற்கு உரிமை இன்னும் இருக்கிறது. மூன்று சாக்ஸபோனும் ஒரு பாஞ்சோவும் வேறு வேண்டும். குழுவில் நிரந்தரமாக இருப்பவர்கள் இல்லை இவர்கள், ஒவ்வொரு ஒத்திகைக்கும் தனிக் கூலி.

பார்பரின் ‘அடாஜியோ’வுக்குத் தந்தி வாத்தியங்கள் போதும். மேலாளருக்கு நிம்மதி, வயலின்காரர்களுக்கு இல்லை. சுருதியில் ஐந்து ஃபிளாட், அதாவது அரை ஸ்தானம் இறங்கிய ஸ்வரங்கள் ஐந்து. விரல் வைக்காமல் ஒலிக்கும் வயலினின் நான்கு திறந்த தந்திகளில் ஒன்றுகூட அந்த ஸ்வர வரிசையில் வராது. காதுக்குப் பிடிமானம் இல்லாமல் மெதுவாக மேலேறி, உச்சியில் முழு பலத்தோடு நிற்க வேண்டும். அங்கே ஒருவர் நூலிழை விலகினாலும் அரங்குக்கே கேட்கும்.

நன்கொடைக்கு வருகிறேன். அரங்கு நிறைந்தாலும் டிக்கெட் பணம் செலவில் பாதியைத் தாண்டுவது அபூர்வம். அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியத்தின் திட்ட மானியம் பெற, அதே அளவு தொகையை வேறிடத்தில் திரட்டிக் காட்ட வேண்டும். உங்கள் ஐம்பது டாலர் அந்தக் கணக்கில் ஏறக்கூடும். பெரிய அறக்கட்டளைப் பணம் பல சமயம் ஒரு திட்டத்தோடு கட்டுண்டு வரும், அதை எடுத்து மின்கட்டணம் கட்ட முடியாது. குழுக்கள் கவிழ்வதற்கு ஒரு பழைய காரணம், அடுத்த பருவத்துச் சந்தாவை வாங்கி இந்தப் பருவத்துக் கடனை அடைப்பது. ஒரு வருடம் சந்தா குறைந்தால் சம்பளம் நின்றுவிடும்.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் இசைக்குழுவைப் பாருங்கள். 1948இல் நகர மேயர் சார்லஸ் ஃபார்ன்ஸ்லி ஒரு யோசனை சொன்னார்: நட்சத்திர வித்வான்களுக்குக் கொட்டும் பணத்தை, புதிதாக எழுதும் இசையமைப்பாளர்களுக்குக் கொடுங்கள். நடத்துநர் ராபர்ட் விட்னி அதைச் செய்துகாட்டினார். 1953இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 4 லட்சம் டாலர் தந்தது. அந்தக் குழுவே 2010 டிசம்பரில் திவால் மனு போட்டது. பழம்பெருமை வாடகை கட்டாது. டெடி ஆப்ரம்ஸ் 2014இல் இசை இயக்குநராக வந்தார். 2022இல் இசையமைப்பாளர்களுக்குச் சம்பளமும் வீடும் கொடுத்து, ஷெல்பி பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் தங்கவைக்கத் தொடங்கினார்கள். மாநிலமெங்கும் போய் வாசிக்கச் சட்டமன்றமே பணம் ஒதுக்கியது. எனக்குத் தெரிந்து ‘சமூக ஆதரவு’ என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான், நிகழ்ச்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் விளம்பரம் போடுவது அல்ல.

போக முடியாத நாளில் டிக்கெட்டை வீணாக்காதீர்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னால் பல குழுக்கள் அதை நன்கொடையாக வரவு வைத்து, வேறொருவருக்கு விற்றுக்கொள்ளும்.

மகளை கோப்லண்டின் ‘ஃபேன்ஃபேர் ஃபார் த காமன் மேன்’ இருக்கும் மாலைக்கு அழைத்துப் போங்கள். பதினொரு பித்தளை வாத்தியம், டிம்பனி முரசு, பெருமுரசு, ‘டேம்-டேம்’ என்ற பெரிய சேகண்டி, அவ்வளவுதான். 1943 மார்ச் 12இல், வருமான வரி கட்டும் கெடுவை ஒட்டி, சின்சினாட்டியில் அரங்கேறியது. நேரத்துக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் அதைத்தான் முதலில் வாசிப்பார்கள், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், தாமதமாக வருபவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள்.