ஓலையால் அளந்த உடம்பு (கடிதம்)

அன்பின் ஐயா,

உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன். கிரேக்கச் சிலைகளில் தசை, நரம்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. எகிப்தியர் முகத்தைப் பக்கவாட்டில் கீறிவிட்டுக் கண்ணை மட்டும் நேராக வைத்தார்கள். எங்கள் கோணேசர் கோயில் வெண்கலச் சிலைகளின் படங்களிலும் தசையே தெரியவில்லை. இவர்களுக்கு உடம்பைச் சரியாகப் பார்க்கத் தெரியாதா? வகுப்பில் கேட்டேன், சிரித்துவிட்டார்கள்.

ஒரு வாசகர், உப்புவெளி

அன்பின் தம்பி,

சிரித்தவர்களை விடுங்கள். 'சரியாக' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிக்கல். எதற்குச் சரியாக?

எகிப்தியக் கல்லறை ஓவியம் ஒன்றில் பாதங்களைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டிலும் பெருவிரல் நம் பக்கமாகவே இருக்கும். இடது வலது கிடையாது. இது கைதவறி வந்ததல்ல. சுவரில் சிவப்புக் கட்டம் போட்டு, உள்ளங்காலிலிருந்து முன்நெற்றி மயிர் வரை 18 கட்டம் என்று எண்ணிக் கீறியவர்கள் அவர்கள். செத்தவருக்கு மறுமையில் முழு உடம்பு வேண்டும். ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் அது நன்றாக விளங்கும் பக்கத்திலிருந்து காட்டினார்கள்.

கிரேக்கரும் 'அப்படியே' செய்யவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பொலிக்ளைட்டஸ் என்ற சிற்பி செய்த ஈட்டிக்காரன் சிலை பாரத்தை ஒரு காலில் போட்டு மற்றதைத் தளர்த்தி நிற்கிறது. அழகுதான். ஆனால் அந்த ஈட்டிக்காரனின் இடுப்புக்கு மேலே வரம்பு கட்டினாற்போல் தசை திரண்டிருக்கிறதே, அதை நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களிடம்கூட நான் கண்டதில்லை.

இனி நம்முடையவை. 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த சோமாஸ்கந்தரையும் அம்மனையும் சொல்கிறீர்கள். இத்தகைய சிலை வார்க்கும் முறை தமிழ்நாட்டின் சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. தென்னோலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு பிரிப்பார்கள். முகம் ஒரு தாலம், அது சுமார் 12 அங்குலம். சிவனுக்கு உத்தம தசதாலம், அதாவது பத்துத் தால அளவுகளில் உயர்ந்தது, 124 அங்குலம். அம்மனுக்கு 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம் போதும், அவருடைய தொப்பைக்கு அதுதான் பொருந்தும். இந்த அங்குலம் அடிமட்டத்தில் இருப்பதல்ல, அந்த ஓலையிலேயே பிறப்பது. சாண் உயரச் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் ஒரே கணக்கு.

தசை ஏன் இல்லை? மூச்சை நன்றாக உள்ளிழுத்து ஒரு கணம் நிறுத்துங்கள். நெஞ்சும் வயிறும் ஒரே வளைவாக நிறையும். ஸ்தபதி (சிற்பி) வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் மெழுகில் பிடித்த உடம்பு அந்த நிலையில் இருப்பது என்பது என் எண்ணம். அதிலும் பாருங்கள், கோயிலில் அதன்மேல் பட்டும் மாலையும் சாத்திவிடுகிறோம். நீங்களே படத்தில்தானே பார்த்திருக்கிறீர்கள்? மூடப்போகிற முதுகையும் அவ்வளவு கவனமாகத் தேய்த்தவனைப் பார்க்கத் தெரியாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று செய்யுங்கள். மயிர் தொடங்கும் இடத்திலிருந்து நாடி வரை உங்கள் முகத்தை ஓர் ஓலைத்துண்டில் அளந்து, உங்கள் உயரத்துக்கு அது எத்தனை வருகிறது என்று எழுதுங்கள். எனக்கு எட்டரைதான் வந்தது. நெற்றி ஏறிக்கொண்டே போனால் வேறென்ன வரும்!