ரெண்டு காலும் எடுத்த பிறகு காம்ரேட்ஸ் ஓடலாமா? – டாக்டர் பதில்

கேள்வி: எனக்கு 39 வயசு, டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். இங்க தென்னாப்பிரிக்கால நடக்கற காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தை ரெண்டு தடவை ஓடி முடிச்சவன். போன வருஷம் மெனிஞ்சோகாக்கஸ் கிருமி ரத்தத்துல பரவி, முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க, கொஞ்ச நாள் டயாலிசிஸும் பண்ணாங்க. எட்டு மாசமா செயற்கைக் கால்ல நடக்கறேன். வர்ற ஜூன்ல ஓடலாமா டாக்டர்? தைப்பூசத்துக்கு காவடி எடுக்கலாமா? ஸ்டம்ப் (எடுத்தது போக மிச்சமிருக்கற கால்) போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: தம்பி, வர்ற ஜூன் வேணாம். அதுக்காக ஓடவே முடியாதுன்னு நான் சொல்லல, அப்படி எடுத்துக்காதீங்க.

போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். வலது ஸ்டம்ப்ல எலும்பு முனைக்கு மேல ஒரு காசு அளவுக்கு சிவந்திருக்கு. லைனரை, அதாவது ஸ்டம்ப் மேல மாட்டுற மெத்துன்னு இருக்கற உறையை, கழட்டி எவ்வளவு நேரம் கழிச்சு எடுத்தீங்கன்னு எழுதல, எனக்கு அதுதான் முக்கியம். கழட்டி பத்து, பதினஞ்சு நிமிஷத்துல மறைஞ்சிட்டா பரவாயில்ல. மறையலன்னா கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, அழுத்தியும் வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா உள்ள சதை நசுங்குதுன்னு அர்த்தம், அன்னிக்கு செயற்கைக் காலை மாட்டாதீங்க. இந்த நோய்ல சின்னச் சின்ன ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு தோலும் சேர்ந்து செத்துப்போகும், அதனால நிறைய பேருக்கு தொடையிலருந்து தோல் எடுத்து ஸ்டம்ப்ல ஒட்டியிருப்பாங்க, உங்களுக்கும் ஒட்டுன தழும்பு தெரியுது. ஒட்டுன தோல் மெல்லிசு, அதுல வேர்வைச் சுரப்பி கிடையாது. மத்த தோல்ல வர்ற வேர்வை லைனருக்குள்ளயே தேங்கும். பீச் ரோட்ல அரை மணி நேரம் நடந்துட்டு லைனரைக் கவுத்துப் பாருங்க, சொட்டும். அதோட முதல் வருஷம் ஸ்டம்ப் சுருங்கிக்கிட்டே வரும், சாக்கெட் (செயற்கைக் கால்ல ஸ்டம்ப்பை நுழைக்கிற கிண்ணம்) லூசாகும், கால் உள்ள இறங்கி எலும்பு முனை அடில இடிக்கும், உங்க சிவப்புக்கு இதுதான் காரணம்னு நினைக்கறேன். முதல்ல கால் செஞ்சு குடுத்தவர்கிட்ட காட்டுங்க. ஓடறதுக்குன்னே செய்யற வளைஞ்ச கால், அந்த பிளேடு, இப்ப வாங்காதீங்க.

சும்மா சமதரையில நடக்கவே உங்களுக்கு முன்ன விட சுமார் 40 சதவீதம் வரைக்கும் அதிக சக்தி செலவாகும். அதே உடம்போட சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள்ள, அதுலயும் டர்பன் பக்கம் இறங்குற வருஷம்னா ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம் ஒவ்வொரு அடிக்கும் ஸ்டம்ப்பை சாக்கெட்டுக்குள்ள இடிச்சுத் தள்ளும்.

அடுத்தது கிட்னி. டயாலிசிஸ் நின்னாலும் கிட்னி முழுசா தேறிடுச்சுன்னு சொல்ல முடியாது, ரத்தத்துல கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு), யூரின்ல புரோட்டீன், பிரஷர் மூணும் பாத்துடுங்க. வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரை தொடாதீங்க, முக்கியமா வேர்த்து உடம்பு வத்திப்போன நேரத்துல. ஓட்டக்காரங்க அதை மிட்டாய் மாதிரி போடறதைப் பாத்து எனக்கு வயிறு கலங்கும்.

கனடால டெர்ரி ஃபாக்ஸ்னு ஒரு பையன், எலும்புப் புத்துநோய்ல 1977ல வலது காலை முழங்காலுக்கு மேல எடுத்தாங்க, 1980ல தினம் ஒரு மாரத்தான் கணக்குல 143 நாள்ல 5373 கிலோமீட்டர் ஓடினான். அவனை நினைச்சா எனக்கு இப்பவும் கண்ணு கலங்கும். ஆனா ஸ்டம்ப்ல ரத்தம் வந்தும் ஓடினான் பாருங்க, அதை மட்டும் பின்பற்றாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு மேல அவன் பயிற்சி எடுத்தானே, அதை எடுத்துக்கோங்க.

இப்போதைக்கு புண் எதுவும் இல்லன்னா நீச்சல், கையால சுத்துற சைக்கிள். மூச்சும் இதயமும் இதுலயே ஏறிடும், ஸ்டம்ப்புக்கு ஓய்வும் கிடைக்கும். மிட்மார் அணையில ஒரு மைல் நீச்சல் வைக்கறாங்க இல்ல, அதை முதல் குறியா வச்சுக்கலாம்.

காவடி எடுங்க, அலகு மட்டும் குத்தாதீங்க. இன்னொண்ணு, செருப்பு இல்லாம நடக்கணும்னா முன்னாடியே கால் செய்யறவர்கிட்ட சொல்லுங்க, ஷூவோட குதி உயரத்துக்குத்தான் அந்தக் காலை செட் பண்ணியிருப்பாங்க, கழட்டினா உடம்பு பின்னால சாயும்.

சாக்கெட் சரி பண்ணின பிறகு லைனரைக் கழட்டின உடனே ஒரு போட்டோ, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு போட்டோ, கூடவே கிட்னி ரிப்போர்ட்டும் அனுப்புங்க தம்பி. அதைப் பாத்துட்டு எப்ப ஓட ஆரம்பிக்கலாம்னு சொல்றேன்.