வாசகர் கேள்வி – பதில்: கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்

வெளிவிளையாட்டு, திரை நேரம், பிள்ளைகளின் தன்னம்பிக்கை ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எங்கள் பகுதியாசிரியர் இம்மாதம் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 2இல் படிக்கிறான். நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால், பள்ளி விட்டதிலிருந்து மாலை ஏழு மணி வரை பாட்டியின் பொறுப்பில் இருக்கிறான். பாட்டிக்கு மூட்டுவலி. எனவே அந்த ஐந்து மணி நேரமும் கைக்கணினியோடு கழிகிறது. அதை வாங்கி வைத்தால் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறான். சனிக்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள விளையாட்டு இடத்துக்கு அழைத்துச் சென்றால், "போரடிக்கிறது அம்மா, மேலே போகலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான். காலணி நாடா அவிழ்ந்தால்கூட என்னைத்தான் கூப்பிடுகிறான். இவனை எப்படி மாற்றுவது?
– ஒரு தாய், செங்காங்

பதில்: காலணி நாடாவிலிருந்தே தொடங்குகிறேன். நாடா கட்ட உங்களைக் கூப்பிடுவதும், விளையாட்டு இடத்தில் உங்கள் கையை விடாததும், கைக்கணினியைப் பிரிந்தால் அழுவதும் ஒரே பழக்கத்தின் கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்து என்ன செய்வது என்பதை அவனுக்காக எப்போதும் வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். பள்ளியில் மணி அடிக்கிறது. வீட்டில் நீங்களோ பாட்டியோ சொல்கிறீர்கள். கைக்கணினியில் ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. யாரும் எதுவும் சொல்லாத ஒரு மணி நேரம் கையில் கிடைக்கும்போது அவன் திகைத்துப்போகிறான். அந்தத் திகைப்புக்கு அவனுக்குத் தெரிந்த பெயர்தான் "போரடிக்கிறது" என்பது.

சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்துக்கு அப்பாற்பட்ட திரை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், உணவு வேளையிலும் உறங்கப்போவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் திரையைத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. ஆனால் ஐந்து மணி நேரத்தை நாளைக்கே இரண்டாக்க முயன்றால், அந்த அழுகையை எதிர்கொள்ளப்போவது நீங்களல்லர், பாட்டிதான். மூட்டுவலியோடு இருக்கும் அவரால் அதைத் தாங்க இயலாது, இரண்டாம் நாளே கைக்கணினி திரும்பி வந்துவிடும். ஆகவே, திரையை எடுப்பதற்கு முன்பு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்துவிடுங்கள்.

நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது; ஐந்தரை மணிக்கு மேல் வெயிலும் தணிந்துவிடும். ஐந்தரை முதல் ஆறரை வரை கீழே இருக்கும் நேரம் என்று முடிவு செய்யுங்கள். பாட்டி ஓட வேண்டியதில்லை, தூக்க வேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்து, கண்ணில் படும் தொலைவில் அவன் இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டால் போதும். மழையும் இடியும் வரும் நாளில் விளையாட்டு இடத்தை விட்டுக் கூரையுள்ள கீழ்த்தளத்துக்குள் வந்துவிடலாம். விளையாடப் பந்து ஒன்று, காலால் தட்டி ஆடும் சாப்தே ஒன்று, ஐந்து கற்கள், சுண்ணக்கட்டி: இவற்றுக்கு மேல் எதையும் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

அடுத்ததாக, இன்னொரு பிள்ளை வேண்டும். இக்காலத்தில் விளையாட்டு இடங்கள் வெறிச்சோடிக் கிடப்பதற்குப் பிள்ளைகள் இல்லாதது காரணமன்று. ஒருவன் துணைப்பாட வகுப்புக்குப் போகும் நேரத்தில் மற்றவன் கீழே வருகிறான், அவ்வளவுதான். உங்கள் புளோக்கிலோ அடுத்த புளோக்கிலோ உள்ள இரண்டு தாய்மார்களிடம் பேசி, வாரத்தில் மூன்று நாள்களாவது ஒரே நேரத்தில் பிள்ளைகள் இறங்கி வரும்படி செய்யுங்கள். சீன, மலாய்ப் பிள்ளைகளாக இருந்தால் மிகவும் நல்லது. கண்ணாமூச்சி ஆடுவதற்குப் பொதுமொழி பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

முதல் ஒரு வாரம் அவன் முனகுவான். அப்போது நீங்களோ பாட்டியோ விளையாட்டு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். இது மிகவும் கடினமானது, ஆயினும் இதைத்தான் நான் மன்றாடிக் கேட்கிறேன். நான் பள்ளியில் இருந்த காலத்தில் இடைவேளை நேரம் முழுவதும் தூணோரம் நின்றுகொண்டே இருந்த மாணவன் ஒருவன் இருந்தான். அவனை ஆட்டத்தில் சேர்த்துவிட நானே பலமுறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் நான் நகர்ந்ததும் அவனும் தூணுக்குத் திரும்பினான். பிறகு நான் முயற்சியைக் கைவிட்டேன். சில வாரங்களுக்குப் பின், ரப்பர் வளையக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது பிள்ளைகள் அவனைக் கூப்பிட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில், யார் தாண்டினார்கள், யார் தாண்டவில்லை என்று தீர்ப்புச் சொல்லுபவனாக அவன் மாறியிருந்தான். விதி வகுப்பதும், சண்டையிடுவதும், தோற்றபின் மறுநாள் மீண்டும் வருவதும் பெரியவர் நுழையாத ஆட்டத்தில்தான் நடக்கின்றன.

சனிக்கிழமை நீங்கள் உடன் செல்லும்போது முதல் வாரம் அவன் அருகிலேயே நில்லுங்கள். அடுத்த வாரம் பெஞ்சில் உட்காருங்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளி, கீழ்த்தள மேசையருகே உட்காருங்கள். உங்கள் திறன்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். உயரத்தில் ஏறியவன் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் உங்கள் முகம் அவனுக்குத் தெரிய வேண்டும். நாடா கட்டுவதை வீட்டில் ஓய்வான ஒரு நாளில் கற்றுக்கொடுங்கள். அதன்பின் கீழே அவிழ்ந்தால் நீங்கள் எழுந்து போகாதீர்கள். ஆட்டம் நழுவிப்போகிறதே என்ற அவசரம் அவன் விரல்களைப் பழக்கிவிடும். கீழே இறங்குவது வழக்கமாகிவிட்ட பிறகு, கைக்கணினி நேரத்தை வாரந்தோறும் அரை மணி நேரம் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். எப்போது நிறுத்துவது என்பதை அவனோடு பேசி, ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயதிலேயே கண்ணாடி. ஐந்து வயது மகனுக்கு இன்னும் இல்லை. இருவரையும் வெளியில் விளையாட விடச் சொல்கிறார் மருத்துவர். வீட்டில் வெளிச்சமான விளக்குப் போட்டால் போதாதா?
– ஒரு தந்தை, ஈசூன்

பதில்: போதாது. வீட்டு விளக்கின் ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில் நின்றுவிடுகிறது; வெளியே மர நிழலில்கூட அது பல ஆயிரத்தைத் தொடும். பகலொளி விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி, கிட்டப்பார்வைக்குக் காரணமாகும்படி விழிக்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளியில் இருந்த பிள்ளைகளில் மூன்றாண்டுகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டது. எனவே வெளிவிளையாட்டால் பெரும்பயன் பெறப்போவது உங்கள் மகன். மகளுக்கும் அது நல்லதே. ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட குறை கூடாமல் பார்த்துக்கொள்ள, மருத்துவர் பரிந்துரைக்கும் சொட்டு மருந்தையோ சிறப்புக் கண்ணாடியையோ விட்டுவிடாதீர்கள். உச்சிவெயில் தேவையில்லை. காலையிலோ மாலையிலோ தொப்பியுடன் மரத்தடியில் விளையாடினாலே போதும்.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்தியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏணியிலும் கயிற்று வலையிலும் அவள் ஏறுவதை நான் தடுப்பதில்லை. சென்ற வாரம் முழங்காலில் சிராய்ப்பு. இனி ஊஞ்சல் மட்டும் போதும் என்று மருமகள் சொல்லிவிட்டார். நான் செய்தது தவறா?
– ஒரு தாத்தா, தோ பாயோ

பதில்: ஐயா, தவறு என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வட்டாரத்தில், லோரோங் 6இல், கோர் இயன் கீ 1979இல் வடிவமைத்த டிராகன் விளையாட்டு இடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் தலையில் ஏறி மணலில் விழுந்து எழுந்த தலைமுறைதான் இன்று பெற்றோராக இருக்கிறது. நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர், உயரம், வேகம், மல்லுக்கட்டு போன்ற துணிச்சல் விளையாட்டுகளை 2007இல் வகைப்படுத்திக் காட்டினார். இத்தகைய விளையாட்டுக்குப் பிள்ளைகளுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2024இல் அறிக்கையே வெளியிட்டது.

பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைப் பெரியவர்கள்தாம் நீக்க வேண்டும்: கழன்ற திருகாணி, உடைந்த கண்ணாடித் துண்டு, நண்பகல் வெயிலில் கொதிக்கும் சறுக்குப்பலகை, பக்கத்துச் சாலை. கயிற்று வலையின் உயரம் அப்படிப்பட்டதன்று; அவள் அதைப் பார்க்கிறாள், அளக்கிறாள், பயந்தால் நிற்கிறாள். அவளாக ஏறமுடியாத இடத்தில் நீங்கள் தூக்கி வைக்காதீர்கள். தானாக ஏறிய பிள்ளைக்கு எந்தப் பிடியில் கால் வைத்து வந்தோம் என்பது நினைவிருக்கும். "விழுந்துவிடுவாய்" என்று கத்துவதற்குப் பதிலாக "அடுத்த காலை எங்கே வைப்பாய்?" என்று கேளுங்கள்.

மருமகளின் மனத்தையும் எண்ணிப் பாருங்கள். மாலையில் களைத்து வரும் அவர் காயத்தை மட்டும் பார்க்கிறார். ஏறி முடித்த முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சனிக்கிழமை அவரையும் அழைத்துச் சென்று பேத்தி ஏறுவதைப் பார்க்கச் செய்யுங்கள். அதுவரை தாயின் சொல்லுக்கு மாறாக நடக்க வேண்டாம்.

கேள்வி: தொடக்கநிலை 4இல் படிக்கும் மகள், எங்கள் புளோக்கின் பக்கத்து மினிமார்ட்டுக்குத் தனியாகப் போக வேண்டும் என்கிறாள். நம் ஊர் பாதுகாப்பானது என்று தெரிந்தும் மனம் ஒப்பவில்லை.
– ஒரு தந்தை, பிடோக்

பதில்: அவளாகக் கேட்கிறாள் என்பதே பாதி ஆயத்தம். முதலில் அவள் முன்னே நடக்க, நீங்கள் பத்தடி பின்னால் பேசாமல் நடங்கள். எங்கே நின்று பார்க்கிறாள், எங்கே பாராமல் கடக்கிறாள் என்பது அப்போது தெரிந்துவிடும். பெரும்பாலான பெற்றோர் முன்பின் தெரியாதவர்களை எண்ணி அஞ்சுகிறார்கள்; நான் அதைவிட அதிகமாக அஞ்சுவது பின்னோக்கி வரும் கார்கள் உள்ள வாகன நிறுத்துமிடத்தைத்தான். அதை எந்த இடத்தில் கடப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணையும் புளோக் எண்ணையும் மனப்பாடமாகச் சொல்லட்டும். யாரேனும் தொல்லை தருவதாகத் தோன்றினால் கடைக்காரரிடம் திரும்பிச் செல்ல வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள்.

அட்டையைத் தராமல் ஐந்து வெள்ளித் தாளாகக் கொடுங்கள். மீதிச் சில்லறையை அவளே எண்ணி வாங்கி வரட்டும். போய்வரும் வழியில் தொலைபேசியில் அழைத்து எங்கே இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்த்தூள் பொட்டலத்தோடு அவள் திரும்பி வரக்கூடும். மாற்றி வரச் சொல்லாமல், அன்றைய குழம்பை அதைக் கொண்டே வைத்துவிடுங்கள். பொட்டலத்தில் எதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சாப்பிடும்போது பேசிக்கொள்ளலாம்.